அப்பத்தாவின் ஏழு கேசட்டுகள்

அப்பத்தாவுக்கு என்று எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு படம், அதுவும் வாக்காளர் அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியது. யாரையோ முறைக்கிற மாதிரி இருக்கும். அப்பத்தா ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. வருஷத் திதிக்குள் அதுக்காக உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் அப்பாவின் துபாய்ப் பெட்டியில், சட்டைகளுக்கு அடியில், ஏழு கேசட்டுகள் கிடைத்தன.

அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அடுத்தவரை வைத்துக் கடிதம் எழுதினால் வீட்டு விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிடும் என்று பயம் வேறு. அதனால் அப்பா முதல் தடவை லீவில் வந்தபோது கொண்டுவந்த, ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த டூ இன் ஒன்னில் பேசிப் பதிந்து, துபாய்க்குப் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பும். எண்பதுகளில் வளைகுடாவுக்கு ஆள் போன ஊர்களில் இது வழக்கம்தான். புதுக் கேசட்டுக்குக் காசு ஏது? சினிமாப் பாட்டுக் கேசட்டின் மேல்விளிம்பில், யாரும் அழித்துப் பதியாமல் இருப்பதற்காகவே விட்டிருக்கும் இரண்டு ஓட்டைகளிலும் செல்லோ டேப்பை ஒட்டினால் போதும், அதன்மேலேயே பதியலாம். எங்கள் ஏழில் ஐந்தில் அந்த டேப் பழுத்து மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது.

முதலில் டவுனில் ஒரு கடையில் ஒரு கேசட்டைக் கொடுத்தேன். அறுபது நிமிடக் கேசட், பக்கத்துக்கு 30 நிமிடம். பென் டிரைவில் முதல் பக்கம் என்று வந்தது 19 நிமிடம்தான். கேட்டதற்கு, “பேச்சே இல்லாத இடத்தையெல்லாம் கட் பண்ணிட்டோம் சார், இரைச்சலையும் எடுத்தாச்சு” என்றார்கள். இரைச்சலோடு சேர்ந்து அப்பத்தாவின் கரகரப்பும் போய், கிணற்றுத் தண்ணீருக்குள் இருந்து யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கேசட் சேதமில்லாமல் திரும்பி வந்தது வரைக்கும் சந்தோஷம். இனி எல்லாவற்றையும் நானே செய்வது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் டூ இன் ஒன்னின் ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஆகியிருந்தது. ரேடியோ ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவர் வேறு பெல்ட் போட்டுக் கொடுத்தார். நாடா உரசிப் போகும் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, காய்ந்த பிறகுதான் கேசட்டைப் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றையும் காட்டினார். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்குரூ இருக்கும். கேசட் ஓடும்போதே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால், போர்வைக்குள் இருந்து வருவது போல இருந்த குரல் ஓரிடத்தில் பளிச்சென்று தெளியும். “சாப்பிட்டியாப்பு” என்பதில் அந்த ‘சா’ கூர்மையாகக் கேட்டால் சரியான இடம். ஒவ்வொரு கேசட்டுக்கும் அந்த இடம் கொஞ்சம் மாறுகிறது, பொறுமை வேண்டும்.

இரண்டு கேசட்டில் வெள்ளைப் பூஞ்சை. மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பென்சிலைச் செருகிச் சுற்றி, நாடாவை வெளியே இழுத்துத் துடைத்துத் துடைத்து உள்ளே விட்டேன், ஒரு கேசட்டுக்கு ஒரு முழு மாலை. இன்னொன்றில் நாடாவை ஹெட்டோடு சேர்த்து அழுத்தும் சின்னக் கம்பளித் துண்டு உதிர்ந்துபோயிருந்தது. அது இல்லாவிட்டால் குரல் வந்து வந்து போகும். நல்லவேளையாக அது ஸ்குரூ வைத்த கேசட், கழற்றி வேறொரு பழைய கேசட்டின் துண்டை எடுத்து வைத்தேன்.

டூ இன் ஒன்னிலிருந்து வரும் வயரை லேப்டாப்பின் மைக் ஓட்டையில் நேராகச் செருகாதீர்கள், சத்தம் உடைந்துவிடும். இந்த மாதிரிச் சத்தத்தை உடையாமல் வாங்கும் ‘லைன் இன்’ ஓட்டை உள்ள யுஎஸ்பி கருவி ஒன்று வாங்கிக்கொண்டேன், பதிவதற்கு ஆடாசிட்டி என்ற மென்பொருள், அது இலவசம். சுருக்காத வேவ் கோப்பாகவே சேமியுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும், பிடிக்கட்டும். இரைச்சல் குறைப்பது, வெட்டுவது எல்லாம் நகலில்தான், மூலத்தில் கை வைக்கவே கூடாது. சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் டாக்குமென்டாக அனுப்பினேன், அப்படி அனுப்பினால் தரம் குறையாமல் போய்ச் சேரும்.

கேசட் முழுக்க என்ன பேசியிருக்கிறது தெரியுமா? கண்மாய் பெருகியது, செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டது, யாருக்கு எவ்வளவு மொய் செய்தோம். அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்த கதை மட்டும் ஒரு முழுப் பக்கம். நடுநடுவே “கேக்குதாப்பு?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இருக்கும், பதில் வரும் என்கிற மாதிரி. கடைக்காரர் வெட்டியதில் இந்த இடைவெளிகளும் அடக்கம்.

ஆறாவது கேசட்டில் பேச்சு எட்டாவது நிமிடத்திலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் அப்பத்தா பொத்தானை அமுக்க மறந்திருக்கிறது. மிச்சம் 22 நிமிடமும் எங்கள் வீடு அப்படியே பதிவாகியிருக்கிறது. அதை ஒரு நொடிகூடக் குறைக்காமல் வைத்திருக்கிறேன்.

திதியன்று படையல் போட்டபிறகு, படத்துக்குக் கீழே சின்ன ஸ்பீக்கரை வைத்து அந்தப் பக்கத்தைத்தான் போட்டேன். பேச்சு முடிந்ததும் சித்தப்பா, “அவ்வளவுதானா?” என்று எழுந்திருக்கப் போனார். அத்தை அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். “இரு, வாசக் கூட்டுது.” கொஞ்சம் கழித்து, “கோழிக்குத் தவிடு வைக்குது.” கடைசியில் அம்மிச் சத்தம் வந்தது. குழம்புக்கு அரைக்கிறது என்று அப்பா சொன்னார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையாட்டி மறுத்தார். “இல்லண்ணே, இது துவையல். கொழம்புக்குன்னா ஆத்தா இன்னும் ரொம்ப நேரம் அரைக்கும்.”