யாருடைய உப்பு? போர்வெல் தண்ணீரைச் சோதித்த அனுபவம்

திருவாரூர் பக்கம் எண்ணெய்க் கிணறு இருக்கிற ஊரில் தண்ணீர் கரித்தால் இரண்டு பதில் கிடைக்கும். ஊர்க்காரர்கள் எண்ணெய்க் கிணற்றைக் காட்டுவார்கள். அதிகாரிகள் கடல்நீர் உட்புகுந்துவிட்டது என்பார்கள். இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு என்பதால்தான் சோதித்துப் பார்க்க இறங்கினேன்.

முதலில் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம். டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு 2000 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. வேறு தண்ணீரே கிடைக்காத ஊருக்கும் இந்தியத் தரநிலை அனுமதிக்கிற உச்சவரம்பு அதுதான். சரி, உப்பு இருப்பது நாக்குக்கே தெரியுமே. அது யாருடைய உப்பு?

டிடிஎஸ், குளோரைடு இரண்டும் அதைச் சொல்லாது. எண்ணெயோடு மேலே வருகிற தண்ணீரும் பெரும்பாலும் பழங்காலக் கடல்நீரின் வழிவந்ததுதான். ஆனால் கடல்நீரில் சல்பேட் அதிகம். பேரியம் அதோடு சேர்ந்து படிந்துவிடும், கரைந்து நிற்காது. எண்ணெய்ப் பாறைத் தண்ணீரில் வழக்கமாக சல்பேட் குறைவு, அதனால் பேரியம் தங்கும். ஆகவே பேரியம், சல்பேட், புரோமைடு, கச்சா எண்ணெயில் இருக்கிற பென்சீன் வகைகள் என்று பெயர் சொல்லிச் சோதிக்கக் கேளுங்கள். தனியார் ஆய்வகம் என்றால், என்ஏபிஎல் (ஆய்வகங்களின் தரத்தைச் சான்றளிக்கிற தேசிய வாரியம்) அங்கீகாரம் இந்தச் சோதனைகளுக்கும் சேர்த்துத்தானா என்று பாருங்கள். போர்டில் முத்திரை இருப்பது மட்டும் போதாது.

தண்ணீர் பிடிப்பதிலும் விஷயம் இருக்கிறது. மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, தொட்டிக்குப் போகும் முன்பே பிடிக்க வேண்டும். பென்சீனுக்கு ஆய்வகம் தரும் கண்ணாடிக் குப்பியில் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து உடனே கொண்டுபோக வேண்டும். அது ஆவியாகிற சரக்கு. பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்தால் செலவு வீண்.

அடுத்தது தகவல் உரிமை மனு. எண்ணெய்க் கிணறு வருவதற்கு முன்பு தண்ணீர் எப்படி இருந்தது என்று தெரியாமல் இன்றைய அளவை வைத்து வாதாட முடியாது. அந்தக் கணக்கு, அனுமதி கேட்கும்போது நிறுவனம் கொடுக்கிற சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில் இருக்கும். அனுமதி கிடைத்த பிறகு அனுமதி நிபந்தனைகளை எப்படிக் கடைப்பிடிக்கிறது என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையும் கொடுத்தாக வேண்டும். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு இவற்றின் நகலைக் கேட்டேன். சம்பந்தப்பட்ட அலுவலகம் 'வணிக ரகசியம்' என்று மறுத்தது. நிலத்தடி நீரில் என்ன வணிகமோ! பதில் கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். செய்தேன், கட்டுக்கட்டாக நகல் வந்தது.

எங்கள் வீட்டு போர்வெல்லில் சல்பேட் அதிகம், பேரியம் மிகக் குறைவு, பென்சீன் இல்லை. கடல் பக்கமே சாய்கிறது. ஊரில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் இந்த முடிவு என் போர்வெல்லுக்கு மட்டும்தான். எண்ணெய்க் கிணற்று வளாகத்தை ஒட்டிய வயல் மோட்டாருக்கு இது பொருந்தாது. அங்கே கோடையில் ஒருமுறையும் மேட்டூர்த் தண்ணீர் வந்த பிறகு ஒருமுறையும் பிடிக்கப் போகிறோம். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020 சட்டம் புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடுத்தாலும் ஏற்கெனவே ஓடுகிறவற்றைத் தொடவில்லை. அதனால் ஆறு மாத அறிக்கையை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்குகிறோம்.