கரித்துணியில் கடல்நீர்: பினாங்கு வெயிலுக்கு எவ்வளவு தண்ணீர் தேறும்?

வெயிலைக் கொண்டு கடல்நீரைக் குடிநீராக்கும் கருப்புப் பொருள்களைப் பற்றிய ஆய்வுகளில் முதலில் கண்ணில் படுவது ‘ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு இத்தனை கிலோ’ என்ற எண்தான். பெரும்பாலும் அது திறந்த கிண்ணத்தைத் தராசில் வைத்து, குறைந்த எடையைக் குறித்துக்கொண்ட கணக்கு. ஆவியானது அவ்வளவு என்றுதான் அது சொல்லும். குப்பியில் சேர்ந்தது எவ்வளவு என்பது வேறு கணக்கு. வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் இந்த இரண்டாவது எண்ணையே பிடித்துக்கொள்ளுங்கள்.

உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட். 40 டிகிரியில் ஒரு கிலோ நீர் ஆவியாக 2,400 கிலோஜூல் வேண்டும். வெப்பம் துளியும் வீணாகாவிட்டாலும் மணிக்கு 1.5 கிலோவைத் தாண்டாது. 2018இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் ஒரு ஹைட்ரோஜெல்லில் (நீரை உறிஞ்சி வைத்திருக்கும் ஜெல்) 3.2 கிலோ காட்டினார்கள். ஜெல்லுக்குள் இருக்கும் நீர் ஆவியாகக் குறைந்த ஆற்றலே போதும் என்பது அவர்கள் தந்த விளக்கம். அதைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. திறந்த பரப்பு சுற்றியுள்ள காற்றிலிருந்தும் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். நாம் செய்யப்போகும், கண்ணாடி மூடிய பெட்டியில் அதற்கு வழியில்லை.

பொருளுக்கு வருவோம். கருப்புச் சாயம் போட்ட துணி கண்ணுக்குக் கருப்பு, அவ்வளவுதான். சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வருகிறது. சாயம் அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கரி அதையும் விழுங்கும். சாயத்துணியையும் கரித்துணியையும் காய்ந்த நிலையில் பக்கத்தில் பக்கத்தில் வெயிலில் போட்டு, அரை மணி கழித்துத் தொட்டுப் பாருங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும்.

நமக்குப் பக்கத்திலேயே, பேராக் கோலா செபத்தாங்கில் சூளையில் சுட்டெடுக்கும் சதுப்புநில மரக்கரி இதற்கு நன்றாகப் பொருந்தும். மாவாக இடித்து, மெல்லிய துணியில் சலித்து, சாம்பல் போகும்வரை கழுவிக் காயவைக்கவும். ஒட்டுவதற்கு கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் தூள்) 2 கிராம், வெள்ளை வினிகர் 35 மி.லி., தண்ணீர் 65 மி.லி. இரவு முழுக்க ஊறினால் பசைபோல் ஆகும். 3 கிராம் கரித்தூளைக் கலந்து, கஞ்சி போகக் கழுவிய பருத்தித் துணியின் மேல்பக்கம் மட்டும் இரண்டு பூச்சு. அடிப்பக்கத்தைப் பூசாமல் விடுங்கள், நீர் ஏறும் வழி அதுதான். காய்ந்ததும் 5 விழுக்காட்டுச் சலவைச் சோடாக் கரைசலில் அரை மணி ஊறவைத்து அலசவும். கைட்டோசான் அமிலத்தில்தான் கரையும், கடல்நீரில் கரையாது. இந்தச் சோடாக் குளியலைத் தவிர்த்தால் பூச்சு கழன்று வரும். மற்ற ஒட்டுப்பொருள்களில், பிவிஏ எனும் வெள்ளைப் பசை வெதுவெதுப்பான ஈரத்தில் இளகிவிடும். கடற்பாசியிலிருந்து வரும் கால்சியம் அல்ஜினேட் ஜெல்லில் உள்ள கால்சியத்தைக் கடலின் சோடியம் மெல்ல வெளியேற்றி, ஜெல்லைக் கொழகொழப்பாக்கும்.

இத்தகைய கருவிகளில் பெரும்பாலானவை படுத்துவிடும் இடம் உப்புதான். தக்கையின் நடுவே திரி விட்டு மிதக்கவிடும் வடிவத்தில், மேலே சேரும் உப்பு தானாகவே பரவிக் கீழே இறங்கிவிடும் என்று நம்புகிறார்கள். மணிக்கு ஒரு கிலோ ஆவியாகும் வேகத்தில், 2.5 செ.மீ. தடிப்புக்கு, முழுப் பரப்பையும் திரியாக்கினாலும் பரவல் மட்டும் போதாது. உச்சிப்பொழுதிலேயே ஓரங்களில் வெள்ளைக் கோடு விழுந்துவிடும். வெள்ளை ஒளியைத் திருப்பும், துணியின் துளைகளை அடைக்கும்.

அதனால் நீரை ஒருவழியாக ஓடவிடுங்கள். 2.5 செ.மீ. பாலிஸ்டைரீன் பலகையை 15 டிகிரி சாய்த்து, மேல் 30க்கு 35 செ.மீ. துணியை விரியுங்கள். மேல்முனை கடல்நீர்த் தொட்டியில் முங்கியிருக்க, கீழ்முனை விளிம்பைத் தாண்டி 5 செ.மீ. தொங்கிக் கழிவுக் குப்பியில் சொட்ட வேண்டும். இந்த அளவுக்கு உச்சி வெயிலில் மணிக்கு 100 மி.லி. வரை ஆவியாகும், ஓட்டம் 200 மி.லி. இருக்கட்டும். அப்போது கழிவின் உப்பு இரண்டு மடங்கோடு நிற்கும். மூன்று, நான்கு மடங்கு ஆனால் ஜிப்சம் (கால்சியம் சல்ஃபேட்) படியத் தொடங்கும், அதைத் தண்ணீரில் அலசி எடுக்க முடியாது. ஓட்டத்தைக் காலையில், வெயில் ஏறுமுன், கண்ணாடி போடாமல் அளந்து, தொட்டியை ஏற்றி இறக்கிச் சரிசெய்யுங்கள். கூடினால் வெப்பம் கழிவோடு போய்விடும். தொட்டியில் நீர்மட்டம் இறங்கினால் ஓட்டமும் குறையும், ஆகவே கோழிக்குத் தண்ணீர் வைப்பதைப்போல ஒரு குப்பியைத் தொட்டிக்குள் கவிழ்த்து வையுங்கள். துணி காய்ந்துபோனால் பாலிஸ்டைரீன் சூட்டில் நெளிந்துவிடும்.

மேலே 4 மி.மீ. கண்ணாடி, துணிக்கு 3 முதல் 5 செ.மீ. உயரத்தில், அதே சாய்வில். பிளாஸ்டிக் தாள் வேண்டாம். அதில் நீர் முத்து முத்தாக நின்று வெயிலை மறைக்கும், கனத்ததும் துணிமேலேயே விழும். பாத்திரச் சோப்புப் போட்டு எண்ணெய்ப்பசை போகத் தேய்த்த கண்ணாடியில் நீர் படலமாக வழிந்து, கீழ்விளிம்பில் உள்ள சேகரிப்பு வாய்க்காலுக்கு வரும். பினாங்கு 5 டிகிரி அட்சத்தில் இருப்பதால் பெட்டி எந்தத் திசை பார்த்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. கடற்காற்று கண்ணாடியில் படும் பக்கம் வையுங்கள். வெளியிலேயே 32 டிகிரி இருக்கும் ஊரில் கண்ணாடியைக் குளிர்விக்கக் காற்றை விட்டால் வேறு துணையில்லை.

சராசரியாக ஒரு நாளில் இங்கே சதுர மீட்டருக்கு 4.5 முதல் 5 கிலோவாட் மணி வெயில் கிடைக்கும். இத்தகைய பெட்டி அதில் 35 முதல் 40 விழுக்காட்டைத் தண்ணீராக்கினால் 2.4 முதல் 3 லிட்டர். மேலே சொன்ன அளவுக்குக் கால் லிட்டரை ஒட்டி. புகைமூட்ட நாள்களில் அதுவும் குறையும். கடல்நீரை அழுத்தத்தில் சவ்வு வழியே வடிகட்டும் எதிர்ச் சவ்வூடுபரவல் ஆலை ஆயிரம் லிட்டருக்கு 3, 4 கிலோவாட் மணியில் முடிக்கும் வேலைக்கு ஒற்றை ஆவியாக்கம் 650க்கும் மேல் கேட்கிறது. எனவே ஜார்ஜ் டவுன் குழாய்க்கு இது மாற்றாகாது. புலாவ் அமான் தீவின் பக்கத்து மீன் கூண்டுப் பண்ணைகளில், மின்சாரமும் குழாயும் இல்லாத மிதவைகளில், இதற்கு வேலை உண்டு. ஆவி குளிரும்போது விடும் வெப்பத்தை அடுத்த அடுக்குக்குக் கடத்தினால் கணக்கே மாறும்: 2020இல் அமெரிக்காவின் எம்ஐடியும் ஷாங்காய் ஜியாவ் தோங் பல்கலைக்கழகமும் பத்து அடுக்கில் சதுர மீட்டருக்கு மணிக்கு 5.78 லிட்டர் சேகரித்தன. புதிய கருப்புப் பொருளைத் தேடுவதைவிட இந்த அடுக்கு வேலைதான் உழைப்புக்குத் தகுதியானது என்பது என் உறுதியான எண்ணம்.

சேர்ந்த நீரை, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள். 50 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 50 பங்கு) இருந்தால் பெட்டி சரி. நூற்றுக்கணக்கில் காட்டினால் துணியின் விளிம்பு சேகரிப்பு வாய்க்காலைத் தொடுகிறது என்று பொருள். புளித்த வாடை வந்தால் அது பெட்டியின் இடுக்குகளை அடைத்த அசெட்டிக் வகை சிலிகான் பசையின் வேலை. நியூட்ரல் வகை வாங்கி, சில நாள் வெயிலில் காயவைத்து, முதலில் வரும் நீரைக் கொட்டிவிடுங்கள். படகுத்துறை ஓரத்து நீர் மட்டும் வேண்டாம். டீசலின் எளிதில் ஆவியாகும் பகுதி நீராவியோடு சேர்ந்தே குப்பிக்கு வந்துவிடும், அதை டிடிஎஸ் மீட்டர் காட்டாது.