பண்ணாரித் தாயும் ஒடையார்பாளையம் புத்தரும்

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் பண்ணாரிக்குக் கூட்டி வருகிறேன் என்று வேண்டியிருந்தேன். அமாவாசையாகப் பார்த்துக் கிளம்பியது எங்கள் நேரம்; அப்படி ஒரு கூட்டம். "ஐந்நூறு குடுங்க, சீக்கிரம் உள்ளே விடறேனுங்க" என்று ஒரு ஆள் விடாமல் பின்னாலேயே வந்தான். அம்மா ஆபரேஷன் செய்த கண்ணாலேயே ஒரு முறை முறைத்தார். ஆளைக் காணோம்.

சன்னதியில் திரை விலகியதும் அம்மா கையைக்கூடக் கூப்பவில்லை. "மூக்குத்தி தெரியுது சாமி, மஞ்சள் தெரியுது, எல்லாம் தெரியுது" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே நின்றார். நகரச் சொல்லி வந்த பெண் காவலர்கூட சும்மா நின்றுவிட்டார். எனக்குப் பேச்சே வரவில்லை. தாயே, வேறென்ன வேண்டும்!

புற்றுமண் வாங்கிக்கொண்டு, அப்புறம் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஆசனூர் தாண்டிக் காட்டு வழியாக ஒடையார்பாளையம், திபெத்து அகதிகளின் குடியிருப்பு. குளிர்காலத்தில் கோவையில் ஸ்வெட்டர் கடை போடும் திபெத்துக்காரத் தம்பி பல வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கர்நாடகம்தான், ஆனால் 1956 வரை கொள்ளேகால் பக்கமெல்லாம் நம் கோயமுத்தூர் ஜில்லா.

மடத்தில் புத்தர் முன்னால் நெய் விளக்குகள். விழுந்து கும்பிட்டு எழுந்த அம்மாவிடம் அந்தத் தம்பி பால்டன் கியாட்சோ என்ற பிக்குவைப் பற்றிச் சொன்னார். தன் குரு இந்திய உளவாளி என்று ஒப்புக்கொள்ளச் சொன்னார்களாம் சீன அதிகாரிகள், மறுத்துவிட்டார். 1959-இல் திபெத்தில் சீன ஆட்சிக்கு எதிராக நடந்த எழுச்சிக்குப் பிறகு பிடித்துப் போனவர்கள் 33 வருஷம் சிறையிலும் உழைப்பு முகாமிலும் வைத்திருந்தார்கள். மின்சாரத் தடியை வாயில் திணித்ததில் பற்கள் போயின. 1992-இல் வெளியே வந்தவர், காவலர்களுக்குக் காசு கொடுத்து அதே மாதிரிச் சித்திரவதைக் கருவிகளை வாங்கிக்கொண்டுதான் இந்தியாவுக்குத் தப்பினார். ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார். 2018-இல் தர்மசாலாவில் காலமாகும் வரை இதே பேச்சுதான்.

"குருவைக் காட்டிக்கொடுக்காததுக்கா இத்தனை வருஷம்?" என்றார் அம்மா. தம்பி, "ஆமாங்கம்மா" என்றார். வரிசை நீளம் என்று காலையில் எரிச்சல்பட்டது நினைவுக்கு வந்து எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

அம்மா மடியை அவிழ்த்துக் காசு எடுத்து, அந்தச் சாமி பேரில் ஒரு விளக்கு வைக்கச் சொன்னார். "பண்ணாரியாத்தா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டா" என்று என்னிடம் வேறு சொன்னார். கண்ணைக் கொடுத்து, இந்த மனிதரின் கதையையும் கேட்க வைத்தவள் அவள்தானே. பங்குனிக் குண்டம் தீமிதிக்கு வருகிறோம் தாயே, கூப்பிடு.