வடக்கு சந்துல என்னெல்லாம் வளரும்

மதுரைல வீடுன்னா சுவத்துக்கும் காம்பவுண்டுக்கும் நடுவுல மூணடி சந்து ஒண்ணு கெடக்கும், அதுவும் வடக்கு பக்கம்னா ஓட்ட பக்கெட்டு, பழைய சைக்கிள், ஏசி அவுட்டோர் யூனிட்டு எல்லாம் அங்கதான் போய் சேரும். செடி வைக்கலாமேன்னா "வெயிலே வராதே"ம்பாங்க. யூடியூப்லயும் ஆறு மணி நேரம் வெயில் வேணும்னுதான் சொல்றாங்க, தக்காளி கத்திரிக்கு சரி, ஆனா இலைக்காக வளக்குற மூலிகை பலதுக்கு நம்ம ஊரு வெயில் ஜாஸ்திங்க.

என்னைக் கேட்டா முதல்ல வல்லாரை. குழாயடி மாதிரி ஈரம் காயாத இடம் போதும், கணுவுக்கு கணு வேர் விட்டு அதுவா படந்துக்கும். நல்ல வெயில்ல இலை பொடிசா நிக்கும், நிழல்ல காம்பு நீண்டு இலை பெருசாகும், துவையலுக்கு அதுதானே வேணும். சோப்புத்தண்ணி ஓடுற பக்கம் மட்டும் வேண்டாம், பச்சையா மெல்லுற கீரை அது. மழைக்காலத்துல நத்தை வரும், ராத்திரி டார்ச்ச எடுத்துட்டு போய் பொறுக்கிப் போடணும், வேற வழி இல்ல.

அடுத்தது வெத்தல. சோழவந்தான் கொடிக்கால, அதாவது வெத்தலத் தோட்டத்த பாத்தவங்களுக்கு சொல்லவே வேணாம், முதல்ல அகத்தி விதச்சு அது வளந்து நிழல் குடுத்த பொறவுதான் கொடியவே நடுவாங்க. 2023ல புவிசார் குறியீடு வாங்குன வெத்தலைங்க அது, அதுக்கே அவ்வளவு மெனக்கெட்டு நிழல் உண்டாக்குறாங்க, நமக்கு சந்துல சும்மா கெடைக்குது. மண்ணு ஈரமா இருக்கணும் ஆனா தண்ணி தேங்கக் கூடாது, தேங்குனா வேர் அழுகிரும்.

புதினா கடையில வாங்குன கட்டுல நல்ல தண்டா பாத்து தண்ணில போட்டு வெச்சாலே வேர் விட்ரும். ஆனா தொட்டியில வைங்க, தரையில விட்டா வல்லாரைய அமுக்கிரும். தொட்டின்னு சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. வடக்கு பக்கம்னா வருஷம் பூரா நிழல்னு நெனைப்போம்ல, அப்படி கெடையாது. மதுரைக்கு சித்திரை பொறந்ததும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல வந்து அப்புறம் வடக்கால சாஞ்சிரும், ஆவணி வரைக்கும் அப்படித்தான், அதாவது கத்திரி வெயில் அடிக்கிறப்பதான் பாத்து இந்த சந்துக்குள்ள வெயில் எறங்கும்! அப்ப புதினாவ அப்படியே தூக்கி வீட்டுக்கு தெக்கு பக்கம் சுவத்தோரம் வெச்சிரலாம். தரையில இருக்குற வல்லாரைக்கு பச்சை நெட்டு கட்டணும், இல்லன்னா கருகிரும்.

கற்பூரவல்லி சந்தோட வாசல்கிட்ட, கொஞ்சம் வெளிச்சம் படுற எடத்துல நிக்கட்டும், உள்ள தள்ளி வெச்சா தண்டு மட்டும் நெட்டையா வளந்துரும், பஜ்ஜிக்கு நாலு இலை தேறாது. தண்ணிய கொறச்சுக்கோங்க. ஏசி யூனிட்டு முன்னாடி எதையும் வைக்காதீங்க, அந்த சூட்டுக்காத்துல ஒண்ணும் பொழைக்காது.

துளசியும் கருவேப்பிலையும் இங்க சரிப்படாது, அது ரெண்டும் மொட்டை மாடிக்குத்தான்.