காட்டுக்குள் எல்லாரும் சாமி

பள்ளிக்கூட மலருக்கு எழுதக் கேட்டதும் எனக்கு நினைவு வந்தது பள்ளிக்கூடம் அல்ல, இலங்கையின் தெற்கே முருகன் இருக்கும் கதிர்காமத்துக்குப் போகும் காடு. எங்களுக்குக் கணக்குப் படிப்பித்த சேர் அங்கேயும் இருந்தார்.

1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிய இரவில், ஓடு பறக்கப் பறக்க அம்மம்மா நேர்த்தி வைத்தார்: பிள்ளைகள் தப்பினால் மூத்தவனோடு கதிர்காமத்துக்கு நடந்தே வருவேன் என்று. மூத்தவன் நான். அடுத்த வருஷத் திருவிழாவுக்குப் புறப்பட்டோம். எனக்கு வயது 15.

திருக்கோவிலில் எங்கள் கூட்டத்தோடு சேர்ந்தவரைக் கண்டதும் எனக்கு நடை மறந்துபோனது. காவி வேட்டி, தோளில் துணிப்பை. பிரம்பு மட்டும்தான் இல்லை! உகந்தை வரை அம்மம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தபடி நடந்தேன். கால் கொப்பளித்ததைச் சொல்லவும் வெட்கம்; யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் நடந்து வந்தவர்கள் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தார்கள்.

உகந்தை முருகனைக் கும்பிட்டுக் காட்டுக்குள் இறங்கினால் பெயர் கிடையாது. சின்னவர், பெரியவர் எல்லாரும் 'சாமி'தான். குமனை தாண்டி, கும்புக்கன் ஆற்றையும் கடந்த பிறகு ஒரு நாள் தண்ணீர் தீர்ந்தது. கிடைத்தது ஒரு மோட்டைதான், காட்டுக்குள் தண்ணீர் தேங்கும் பள்ளம். யானை இறங்கிக் கலக்கிய தண்ணீர், தேத்தண்ணி நிறம். சேர் தன் சால்வையை நாலாக மடித்துச் செம்பின் வாயில் கட்டினார். சிரட்டையால் அள்ளி ஊற்றி, சொட்டுச் சொட்டாக வடியும்வரை குந்தியிருந்தார். அரைச் செம்பு சேர்ந்ததும் என் பக்கம் நீட்டினார்.

"குடிங்க சாமி."

அதுவரை 'டேய்' தவிர வேறெதுவும் சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டதில்லை. தண்ணீரில் சேறும் திருநீறும் மணத்தன.

கதிர்காமத்தில் மூலவரைப் பார்க்க முடியாது என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. முருகனை வள்ளி தெய்வானையோடு தீட்டிய திரைதான் தெரியும். வாயை வெள்ளைத் துணியால் கட்டிய பூசகர், கப்புறாளை, அதற்குப் பின்னே போய்விடுவார். இவ்வளவு நடந்தது ஒரு சீலையைப் பார்க்கவா என்றிருந்தது. அம்மம்மா அதன் முன்னே நின்று அழுதார். மாணிக்க கங்கையில் முழுகி எழும்பியதும், "கடன் முடிஞ்சிது மனே" என்றார்.

திரும்பிவந்து பள்ளிக்கூடம் போன முதல் நாள், சேர் இடாப்பை விரித்து என் பெயரைக் கூப்பிட்டார்.

"உள்ளேன் சாமி."

வகுப்பே சிரித்தது. சேர் தலை நிமிரவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிடக் கொஞ்சம் சுணங்கினார்.