இருட்டறைக் குறிப்புகள், சேலம்

ஜூலை 19
விளக்கு காலை 6-க்கு எரியும், மாலை 6-க்கு அணையும். விஸ்டார் எலிகள் (ஆய்வகத்து வெள்ளெலி வகை) இதற்குப் பழக இரண்டு வாரமாவது ஆகும். அதற்குள் பீனியலை (மூளையில் மெலடோனின் என்ற இரவு ஹார்மோனைச் சுரக்கும் சுரப்பி) எடுத்து மெலடோனினை அளந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. சி57 என்ற கருப்புச் சுண்டெலி வகையைத் தவிர்த்தது நல்லது. மெலடோனினைச் செய்யும் நொதியிலேயே பிழை, அதன் பீனியலில் மெலடோனின் ஏறக்குறைய இல்லை.

ஜூலை 22
மதியம் 40 நிமிடம் கரண்ட் இல்லை. முள் டைமர் நின்று, விட்ட இடத்திலிருந்து ஓடியது. மாலை விளக்கு அணைய 6.40. எலியின் மூளைக் கடிகாரத்துக்கு இன்று பகல் நீண்டுவிட்டது. பேட்டரி டைமர் மாட்டியாயிற்று. டைமருக்கு மட்டும் யூபிஎஸ் கொடுத்துப் பயனில்லை, விளக்கும் அதே லைனில் வேண்டும்.

ஜூலை 23
கதவுக்கடியில் வெளிச்சக் கோடு.

ஜூலை 28
நடு இரவில் ஒரு நிமிட வெளிச்சம் போதும், மெலடோனினைச் செய்யும் நொதி சரசரவென்று விழுந்துவிடும். வெளிச்சச் செய்தி போகும் வழி: விழித்திரையிலிருந்து எஸ்.சி.என். (மூளைக் கடிகாரம்), அங்கிருந்து தண்டுவடம், கழுத்து நரம்பு முடிச்சு, கடைசியில் பீனியலைத் தூண்டும் நரம்பு வேதிப்பொருளான நார்அட்ரினலின். வெளிச்சம் பட்டால் அந்த நார்அட்ரினலின் நின்றுபோகிறது. விழித்திரையில் வெளிச்சத்தை உணரும் நிறமி மெலனாப்சின், அது அதிகம் கவர்வது 480 நானோமீட்டர் நீலத்தை. அதனால் செல்போன் திரைதான் முதல் எதிரி, உள்ளே கொண்டுபோகவே கூடாது. மங்கலான சிவப்பு பல்பு மட்டும், அதுவும் கூண்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து.

ஆகஸ்ட் 1
கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்குத் தெருவெங்கும் சீரியல் பல்பு. வென்டிலேட்டர் வழியாக உள்ளே பச்சையும் நீலமும். கருப்புத் துணி இரண்டு மடிப்பு, ஓரமெல்லாம் டேப். விளக்கணைத்து இருபது நிமிடம் உள்ளேயே நின்றால்தான் கண் பழகி ஓட்டைகள் தெரிகின்றன. கதவடி இன்னும் சரியாகவில்லை. ரப்பர் பட்டை வேண்டும்.

ஆகஸ்ட் 3
ஆடிப்பெருக்கு. மேளச் சத்தம். உமி மாற்றுவதைத் தள்ளிவைத்தேன்.

ஆகஸ்ட் 6
இரவு 8 மணி மாதிரியில் மெலடோனின் ஏற்றமே இருக்காது, பதறக் கூடாது. எலியின் பீனியலில் அந்த நொதிக்கான ஜீன் முதலில் விழிக்க வேண்டும். இருட்டி சில மணி நேரம் பிடிக்கும். நள்ளிரவு மாதிரிதான் முக்கியம்.

12.20. மூன்றாவது எலியின் மூளைமேல் பீனியல் சுரப்பி இல்லை. மண்டையோட்டைத் தூக்கும்போது அதன் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. ஏறக்குறைய 1 மில்லிகிராம்தான், ஓட்டைத் திருப்பிப் பார்க்காமல் வீசியிருந்தால் போயிற்று. உடனே திரவ நைட்ரஜன் கேனில்.

அடுத்தது 4 மணிக்கு. ரப்பர் பட்டையின் இடது மூலை தூக்கிக்கொண்டிருக்கிறது