மாங்கூழ் சீசனும் படபடப்பும்

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் தொழிற்சாலை என்றால் வருடம் முழுக்க ஓடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். எங்களுக்கு கோடையில் தொடங்கினால் ஆடிக்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். அதற்குள் காய் வாங்கி, பழுக்க வைத்து, கூழாக்கி, 215 கிலோ டிரம்களில் அடைத்தாக வேண்டும். எனக்குக் கொள்முதல் பிரிவில் வேலை, எடைமேடையை ஒட்டிய அறை. சீசன் வந்தால் அந்த அறையில் பாதிப் பேர் சட்டைப்பையில் வயிற்றெரிச்சல் மாத்திரை இருக்கும்.

வேலை அதிகம், அதனால் டென்ஷன் என்று சொல்வார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. டிரம் நிரப்புகிறவர்கள் எங்களைவிட அதிகம் உழைக்கிறார்கள், ஷிஃப்ட் முடிந்து படுத்தால் தூங்கிவிடுகிறார்கள். புரண்டுகொண்டிருப்பது நாங்கள்தான். நாளைக்கு எத்தனை வண்டி வரும், என்ன விலை போடச் சொல்வார்கள், பாய்லர் நின்றால் வாசலில் நிற்கும் லோடு என்னாகும்? ஒன்றுக்கும் பதில் தெரியாது. களைப்பு தூங்கினால் போய்விடும், இது தூங்கவே விடாது.

வெளியே வரிசையில் நிற்பவர்களுக்கும் இதே கதைதான். சந்தூர், பர்கூர் பக்கமிருந்து பெங்களூரா ரக மாங்காய் ஏற்றி வந்த டிராக்டர்கள் வெயிலில் நிற்கும். நிற்க நிற்கக் காய் வாடும், எடை குறையும். ஒருநாள் ஒரு பெரியவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, எப்ப எறக்குவீங்கன்னு மட்டும் சொல்லுங்க. ராத்திரி ஆகும்னாலும் சரி, போய்ச் சாப்ட்டு வந்துடறேன்” என்றார். சீக்கிரம் இறக்கு என்று அவர் கேட்கவில்லை. அதற்கப்புறம் வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, இப்போது இறங்கும் டோக்கன் எண், அடுத்தவர்களுக்கு ஏறக்குறைய எத்தனை மணி ஆகும் என்று சாக்பீஸில் எழுதிப் போட்டோம். வரிசை ஒரு வண்டிகூடக் குறையவில்லை. ஆனால் சத்தம் குறைந்தது, டிராக்டருக்கு அடியில் துண்டை விரித்துத் தூங்குகிறவர்களையும் பார்க்க முடிந்தது. விலைத் தகராறுக்கு மட்டும் பலகை உதவாது. போட்ட காசு வராதவனிடம் போய் மூச்சுப்பயிற்சி செய் என்று சொன்னால் அடிக்க வருவான், அது நியாயமும்கூட.

எனக்கும் ஒரு சீசன் நடுவில், ராத்திரி, நெஞ்சு படபடத்து உள்ளங்கை வியர்த்தது, மூச்சுப் போதவில்லை. மாரடைப்பு என்றே நினைத்தேன். ஈசிஜி சரியாக இருந்தது. எதிரில் ஆபத்து இல்லாவிட்டாலும் மனம் ஆபத்து என்று எடுத்துக்கொண்டால் உடம்பு அட்ரினலினைச் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும் என்று டாக்டர் விளக்கினார். நெஞ்சுவலி வந்தால் இது பதற்றம்தான் என்று நீங்களாக முடிவு கட்டக் கூடாது, முதலில் வந்து காட்டுங்கள் என்பதையும் அழுத்திச் சொன்னார். அவர் சொன்னதில் எனக்கு இன்றும் பயன்படுவது, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டுவது: நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணிவது உடம்பின் இயல்பு. சாயங்காலத்துக்கு மேல் டீ வேண்டாம் என்றதை மட்டும் பாதிதான் கடைப்பிடிக்கிறேன். படுக்கும் முன் நாளைய சந்தேகங்களைத் தாளில் எழுதி, யாரைக் கேட்டால் பதில் கிடைக்கும் என்று பக்கத்தில் பெயரையும் குறித்துவிடுகிறேன். “டென்ஷன் ஆகாதீங்க” என்று சொல்லிக் கேட்டு அடங்கிய ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

எல்லோருக்கும் இது போதாது. எங்களோடு வேலை செய்யும் ஒருவருக்கு சீசன் முடிந்து மாதங்கள் ஆகியும் போன் அடித்தாலே கை நடுங்கியது, சாப்பாடு இறங்கவில்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் இலவச எண்ணான 14416-க்கு அவர் மனைவிதான் போன் போட்டார். தமிழிலேயே பேசினார்களாம். அப்புறம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போய் மாத்திரையும் ஆலோசனையும் எடுத்துக்கொண்டார். டீக்கடையில் யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுகிறார். இந்த சீசனுக்கு வேலைக்கு வந்துவிட்டார். நைட் ஷிஃப்ட் மட்டும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார், மேனேஜரும் சரி என்றுவிட்டார்.